'பர்மிஷன் உட்பட' போஸ்டர் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் சொந்தக் காசில் கச்சேரி, நாடகம், ஓவியக் கண்காட்சி என்று எதையாவது நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'ஆல் சென்னை போஸ்டர் கவரேஜ். டிசைன், பிரிண்டிங், ஒட்டுக்கூலி, பர்மிஷன் எல்லாம் உட்பட.' கூடவே நாலு பேர் கொண்ட ஏதோ ஒரு பேண்டின் போஸ்டர் வரிசையாக ஒட்டிய சுவர்ப் படம், அழகான வெளிச்சத்தில். நாங்களும் ஒரு சின்ன பேண்டுதான். ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு சிறிய அரங்கில் எங்கள் முதல் டிக்கெட் நிகழ்ச்சி. ஆன்லைன் விளம்பரத்துக்குக் கொட்டுகிற பணத்தைவிட இது உருப்படியாக இருக்கும் என்று 28,000 ரூபாய் கட்டினோம்.

பேசியது இதுதான். டபுள் கிரவுன் அளவில், அதாவது 20க்கு 30 இன்ச், 2,000 போஸ்டர். அண்ணா சாலை, காமராஜர் சாலை, நுங்கம்பாக்கம், பெசன்ட் நகர், வேளச்சேரி, தாம்பரம் என்று ஆறு 'ரூட்'. ஒட்டி முடித்த மறுநாள் ஒவ்வொரு ரூட்டுக்கும் ஜிபிஎஸ் முத்திரையுடன் போட்டோ. பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு 'ப்ரோ'.

போட்டோக்கள் சொன்ன நேரத்துக்கு வந்தன. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் எங்கள் டிரம்மர் வேளச்சேரிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் வீடு விஜயநகர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். ஒரே சுவரை இடமிருந்து, வலமிருந்து, எதிர் பிளாட்பாரத்திலிருந்து என்று எடுத்திருக்கிறார்கள். எல்லா ரூட் படத்திலும் எங்கள் போஸ்டருக்கு இடப்பக்கம் ஒரே டியூஷன் சென்டர் நோட்டீஸ், அதே மூலையில் அதே கிழிசல். படத்தின் கீழே ஓடும் ஜிபிஎஸ் எழுத்தில் மட்டும் ஊர் பெயர் மாறிக்கொண்டே போகிறது. அந்த முத்திரையில் இடத்தையும் நேரத்தையும் கையால் மாற்றிப் போடும் ஆப்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே அதை ஆதாரம் என்று யாரும் வாங்கிக்கொள்ள வேண்டாம். வீடியோ கேளுங்கள். தெருமுனையில் தொடங்கி, கடைப் பலகைகள் தெரிய, போஸ்டர் வரை நடந்து வரும் ஒரே நீள வீடியோ. தர மறுத்தால் விஷயம் புரிந்துவிடும்.

தாம்பரத்தில் ஒன்றுகூட இல்லை. நுங்கம்பாக்கத்தில் நாங்கள் பார்த்தவரை ஒரு மின்வாரியப் பெட்டியிலும் ஒரு குட்டிச்சுவரிலும் இருந்தன. மீதி எங்கே என்பதற்குப் பதில் ஜாம்பஜாரில் கிடைத்தது. ஒரு தள்ளுவண்டியில் கொய்யாப்பழத்துக்கு அடியில் எங்கள் பாடகரின் முகம். பின்பக்கம் வெள்ளை வெளேர், பசைத் தடமே கிடையாது. அதாவது சுவர் ஏறாமலே கட்டோடு பழைய பேப்பர் கடைக்குப் போன தாள். ஒட்டுக்கூலியும் மிச்சம், எடைக்குப் போட்ட காசும் லாபம்.

ஒட்டியது குறைவு என்றாவது விட்டிருப்பேன். ஒட்டிய இடம்தான் இதை எழுத வைக்கிறது. ராயப்பேட்டையில் ஒரு சந்தில் முந்தின நாள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றின் மேல், சரியாக அந்தப் பெரியவரின் முகத்தின் மேல், எங்கள் போஸ்டரை அறைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டிக்கெட்டுக்காக அடியில் எங்கள் எண் இருக்கிறது. காலை ஆறரைக்கு அவருடைய மகன் கூப்பிட்டார். கத்தவில்லை. "எங்கப்பா போய் ரெண்டு நாள்தாங்க ஆவுது. பதினாறாம் நாள் வரைக்குமாவது விட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவரிடம் ஏஜென்சி, பேக்கேஜ் என்றெல்லாம் விளக்க வாய் வரவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, எங்கள் தாளை நனைத்து உரித்தோம். அடியில் இருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது. மறுபடி அச்சடித்துத் தருகிறோம் என்றோம். வேண்டாம் என்றுவிட்டார்.

இந்த ஊரில் பிழைப்புக்காக இரவில் சுவரொட்டி ஒட்டுகிற யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். அஞ்சலி போஸ்டர் மேலும் கட்சி போஸ்டர் மேலும் கை வைக்கக் கூடாது என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஒன்றில் பாவம், இன்னொன்றில் அடி. ஆகவே எங்கள் வேலைக்கு வந்தது யாரோ தெரியாத பையன்கள், ராத்திரிக்கு இவ்வளவு என்று பிடித்துவிட்ட ஆட்கள்.

அடுத்த அழைப்பு மாநகராட்சியிலிருந்து. ஒரு பள்ளியின் சுற்றுச்சுவரில், புதிதாக வரைந்த ஓவியத்தின் மேல் மூன்று ஒட்டியிருந்ததாம். நீங்களே வந்து எடுக்கிறீர்களா, புகார் கொடுக்கட்டுமா என்றார்கள். எடுத்தோம். ஏஜென்சிக்குப் போன் செய்து 'பர்மிஷன்' தாளைக் கேட்டதும் ப்ரோ மறைந்துவிட்டார். "லேபர் பண்ணதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அதோடு சரி.

இனி அந்த பர்மிஷன் கதைக்கு வருகிறேன். சென்னையில் சுவரொட்டிக்கென்று 1959ஆம் ஆண்டின் திறந்தவெளி இடங்கள் அழகு கெடுவதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் கண்ணில் படுகிற இடத்தில், அந்த இடத்துக்கு உரியவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விளம்பரம் ஒட்டினால் குற்றம். சம்மதம் என்பது ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனி. ஊர் முழுக்க ஒட்டிக்கொள் என்று ஒரே தாளில் கிடைக்கிற அனுமதி எதுவும் இல்லை. அதிலும் எங்களுக்கு விற்ற முதல் இரண்டு ரூட்டையும் பாருங்கள். அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் போஸ்டரே கூடாது என்று மாநகராட்சி 2009லேயே தடை போட்டது. அங்கே சுவர்களில் ஓவியங்கள் வந்ததே அதற்குப் பின்னால்தான். பேக்கேஜில் அதிக விலை அந்த இரண்டுக்கும்! மெட்ரோ தூண், ஸ்டேஷன் சுவர் என்று யாராவது ஆசை காட்டினால் அதற்கு 2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டம் தனியாக இருக்கிறது.

ஏமாற்றுகிறவர்களின் தெம்பே இங்கேதான். பாதிக்கப்பட்டவன் போலீசுக்குப் போனால் என்ன எழுதுவான்? 'கூடாத இடத்தில் ஒட்டச் சொல்லிக் காசு கொடுத்தேன், ஒட்டாமல் விட்டுவிட்டார்கள்' என்றா? பில் கேட்டபோது தட்டிக்கழித்ததும், பணத்தைத் தனிநபர் கணக்கின் யுபிஐக்குப் போடச் சொன்னதும், போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயரே இல்லாததும் அப்புறம்தான் வரிசையாகப் புரிகிறது. நம் ஊரில் எந்தப் போஸ்டரிலும் கீழே பொடி எழுத்தில் அச்சகப் பெயர் இருக்கும். அது இருந்தால் அச்சகத்துக்கே போன் செய்து எத்தனை ரீம் ஓடியது என்று கேட்டுவிடலாம். அதனால்தான் இல்லை. 2,000 அச்சடித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். வந்த தாளும் வழவழப்பான கனத் தாள். சுவருக்கு மெல்லிய தாள்தான் வேண்டும், அதுதான் பசையைக் குடித்து ஒட்டிக்கொள்ளும். கனத் தாள் காய்ந்ததும் சுருண்டு விழும். எங்களுடையது விழுந்தது.

ஆனாலும் புகாருக்கு வழி இருக்கிறது. 'ஒட்டவில்லை' என்பதைத் தலைப்பாக வைக்காதீர்கள். அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள், அனுமதி இல்லை, ஆதாரம் என்று போலிப் படம் தந்தார்கள் என்று எழுதுங்கள். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் அப்படித்தான் பதிவு செய்திருக்கிறோம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. வாட்ஸ்அப்பில் 'பர்மிஷன்' என்று அவர்கள் அடித்த வரியை அழிந்துபோகும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களுடன் பேசியவர் பாதியை 'எல்லோருக்கும் நீக்கு' போட்டுவிட்டார். முன்பே எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம்.

பிறகு சினிமா போஸ்டர் ஒட்டும் ஒரு அண்ணனைத் திருவல்லிக்கேணியில் பார்த்தோம். பழைய டிவிஎஸ் மொபெட், குட்டி ஏணி, மைதா பசை வாளி. பூச்சி வராமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்திருப்பதாகச் சொன்னார். எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார். "பர்மிஷன்லாம் ஏது தம்பி? சினிமாவுக்கு ஒட்டினாலே காலைல கிழிச்சிடுறாங்க. மாட்டிக்கிட்டா உன் நம்பருக்குத்தான் வருவாங்க, என்கிட்ட வரமாட்டாங்க." 28,000 ரூபாய் வாங்கியவர் சொல்லாததை இவர் ஒரு டீக்கு முன்னால் சொல்லிவிட்டார்.

அடுத்த நிகழ்ச்சிக்குத் தெருச்சுவரை விட்டுவிட்டோம். டீக்கடை, புத்தகக் கடை, ஜெராக்ஸ் கடை, இசைக்கருவி பழுது பார்க்கும் கடை என்று கேட்டுக் கேட்டு உள்சுவரிலும் கண்ணாடியிலும் ஒட்டினோம். வீட்டுக்காரர் ஒருவர் காம்பவுண்டுச் சுவரைக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டு. கல்லூரி நோட்டீஸ் போர்டுகளுக்குத் துறைத்தலைவரின் கையெழுத்து வாங்கினால் போதும். நூறு தாள்கூட ஆகவில்லை, டிஜிட்டல் பிரிண்டிலேயே முடிந்தது. ஆஃப்செட் அச்சைப் போல, பிளேட் செலவுக்காக ஆயிரம் அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை.

அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் இப்போது பெயரை மாற்றிக்கொண்டு மார்கழி சீசனுக்கு ஆர்டர் எடுக்கிறது. சுவர்ப் படம் மட்டும் பழையதே. இவர்களிடம் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் யுபிஐ ரசீதையும் அவர்கள் அனுப்பிய ஜிபிஎஸ் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். ஒரே சுவரை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புகாரோடு இணைக்கப் போகிறோம்.