நுவரெலியா லீக்ஸுக்கு ஏற்ற பாஸ்டா: டியூரம் பென்னே பற்றிய மதிப்பீடு

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு சுப்பர் மார்க்கட்டுக்குள் நுழைந்தால், பாஸ்டா அடுக்கியிருக்கும் தட்டில் இரண்டு விதமான பொதிகளைக் காணலாம். விலை குறைந்தவற்றில் பலவற்றின் சேர்மானப் பட்டியலில் கோதுமை மா என்று மட்டுமே இருக்கும். விலை கூடியவற்றில் டியூரம் கோதுமை ரவை என்று இருக்கும். நான் இங்கே மதிப்பிடுவது இரண்டாம் வகையைச் சேர்ந்த, இத்தாலியில் தயாரான 500 கிராம் பென்னே (சிறு குழாய் வடிவப் பாஸ்டா) பொதியை. மரக்கறியோடு விரைவாக ஓர் இரவுச் சாப்பாடு சமைக்க விரும்புபவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது இதையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் தானியத்திலேயே இருக்கிறது. டியூரம் கடினமான கோதுமை இனம். அதில் புரதம் அதிகம், வேகும்போது அந்தப் புரதம் வலையாகப் பின்னி மாப்பொருளை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. சாதாரண கோதுமை மாவில் செய்த பாஸ்டாவுக்கு இந்தப் பிடிப்புக் குறைவு என்பதால், சற்றுக் கவனம் தவறினாலும் வெளிப்புறம் களியாகிவிடும். உலர்ந்த பாஸ்டாவை டியூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967இல் சட்டமே இயற்றியது. அதன் இளமஞ்சள் நிறமும் அந்தக் கோதுமைக்கே உரியது. பட்டியலில் நிறமூட்டி இருந்தால் அப்பொதியை விட்டுவிடலாம்.

இந்தப் பென்னேயின் அருமை நுவரெலியா லீக்ஸோடு சேரும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, வெள்ளைப் பகுதியும் பச்சைப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் மடல்களை விரித்துக் கழுவ வேண்டும். மண் ஒளிந்திருப்பது அங்கேதான். மூன்று பேருக்கு 250 கிராம் பென்னே போதும்; அதற்கு இரண்டரை லீற்றர் தண்ணீரும், லீற்றருக்கு 10 கிராம் என்ற கணக்கில் உப்பும் வேண்டும். தண்ணீர் கொதிப்பதற்குள் தாச்சியில் எண்ணெய் விட்டு, நசுக்கிய உள்ளியையும் கிள்ளிய செத்தல் மிளகாயையும் போட்டு, வாசம் எழுந்ததும் லீக்ஸ், மெல்லியதாக அரிந்த கரட், போஞ்சி ஆகியவற்றைச் சேர்த்து மெல்லிய நெருப்பில் வதக்கினால், லீக்ஸ் தன் காரம் குறைந்து இனிப்பாகக் குழையும். பென்னேயைப் பொதியில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து ஒன்றை நறுக்கிப் பாருங்கள்; சுவரின் நடுவே மெல்லிய வெண்கோடு தெரிந்தால் அதுவே பதம். அதை, அது வெந்த நீரில் ஒரு கோப்பையோடு தாச்சியில் கொட்டிக் கிளறும்போது, அந்த நீரில் கரைந்திருக்கும் மாப்பொருள் எண்ணெயையும் நீரையும் ஒன்றுசேர்த்து, பாலோ கிறீமோ இல்லாமலே வழவழப்பான குழம்பாக்கிவிடும். பென்னேயின் வரிகள் அந்தக் குழம்பைப் பிடித்துக்கொள்வதால் ஒவ்வொரு வாயிலும் மரக்கறியின் சுவை இருக்கிறது. கடைசியில் மிளகுதூளும் சில துளி தேசிக்காய்ப் புளியும் போதும். அடுப்பு மூட்டியதிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் சாப்பாடு தயாராகிவிடும் என்பது, வேலை முடிந்து காலி வீதி நெரிசலைக் கடந்து வருபவர்களுக்குச் சிறிய விடயம் அல்ல.

குறை ஒன்று உண்டு. நான் வாங்கிய பொதியில், இறக்குமதியாளர் ஒட்டிய தாள் சமைக்கும் நேரத்தை மறைத்திருந்தது. மெதுவாக உரித்த பிறகே எண் தெரிந்தது. இந்த உணவுக்கு நேரமே உயிர் என்பதால், தாளை வேறு இடத்தில் ஒட்டுவது அவசியம். மற்றபடி பொதியைத் திறந்ததும் மிச்சத்தைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டுவிடுங்கள், கொழும்பின் ஈரப்பதத்தில் பூச்சி வர அதிக நாள் ஆகாது.

வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சேர்க்காத வீடுகளுக்கு ஒரு விடயம்: இந்தப் பொதியில் ரவையும் தண்ணீரும் மட்டுமே உள்ளன, முட்டை இல்லை. ஆனால் மேலே தூவுவதற்குப் பலர் பரிந்துரைக்கும் பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியத்தால் உறைய வைக்கப்படுவதால் அது சைவம் ஆகாது. அதற்குப் பதிலாக வறுத்த கஜுவை உப்போடு கொரகொரப்பாக இடித்துத் தூவினால் மொறுமொறுப்பும் கிடைக்கும், செலவும் குறையும்.