டிரைவரை எங்கே தேடுவது: சிபாரிசா, ஏஜென்சியா, கிளீனரை வளர்ப்பதா?

மூன்று லாரி வைத்திருப்பவரிடம் ஒரு டிரைவர் நின்றுவிட்டால் தொழிலில் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும். முந்நூறு வண்டி ஓட்டும் நிறுவனத்துக்கு அது தினமும் நடக்கிற விஷயம். அவர்கள் ஆள் எடுக்கும் முறை நமக்குச் சரிப்பட்டு வராததற்கு இதுதான் காரணம். எல்லா வழியிலும் ஆள் எடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது சிபாரிசு. நம்மிடம் ஒழுங்காக ஓட்டுகிற டிரைவரிடம், "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆள் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாலே போதும். லோடு ஏற்றும் இடத்தில் மணிக்கணக்காக ஒன்றாகக் காத்திருந்தவர்கள் அவர்கள். யார் குடிப்பார், யார் தூக்கம் வந்தால் ஓரங்கட்டுவார், யார் டீசலில் கைவைப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தன் பெயர் கெட்டுவிடும் என்பதால் மோசமான ஆளை அழைத்து வரமாட்டார். ஒரு சிக்கல் உண்டு: சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே போவார்கள். ஒருமுறை நான் சம்பளத்தைப் பத்து நாள் தள்ளிப்போட்டேன். இரண்டு பேர் ஒரே காலையில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். தப்பு என்னுடையதுதான்.

சிபாரிசில் வந்தாலும் பழைய ஓனருக்கு ஒரு போன் போடுங்கள். "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல ஆள்தான்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "திரும்பி வந்தா சேர்த்துக்குவீங்களா?" என்று கேளுங்கள். உண்மை அங்கே வெளியே வரும்.

விளம்பரம் கொடுத்தால் ஆட்கள் நிறைய வருவார்கள், சலித்தெடுக்கத்தான் நேரம் வேண்டும். அனுபவ வருடங்களை நான் இப்போது பெரிதாக நம்புவதில்லை. ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். 15 வருட அனுபவம் சொன்னவர் சாவியை வாங்கியதும் நேரே ஏறி கியரைப் போட்டார். 6 வருடக்காரர் வண்டியை ஒரு சுற்று வந்தார். ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். பிரேக்குக்கான காற்று இருக்கும் ஏர் டேங்க்கின் வால்வைத் திறந்து தேங்கியிருந்த தண்ணீரை வெளியேற்றினார். ஸ்டார்ட் செய்த பிறகு ஏர் பிரஷர் ஏறும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது பாதியில் நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். இறக்கத்தில் கியரைக் குறைத்தது சரிவு தொடங்குவதற்கு முன்பே. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும் என்பது அவர் காலுக்கே தெரிந்திருந்தது. அவரைத்தான் எடுத்தேன்.

ஏஜென்சி அனுப்பும் ஆக்டிங் டிரைவர் நாலைந்து நாள் அவசரத்துக்குச் சரி. மாதக்கணக்கில் வேண்டாம். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் கிளட்ச்சில் வரும் சிறு சத்தத்தைச் சொல்லக்கூட யாரும் இருக்கமாட்டார்கள். விபத்து நடந்தால் யார் பொறுப்பு, நம் காப்பீடு அவருக்குப் பொருந்துமா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சொந்த வண்டியோடு வருகிற ஓனர் கம் டிரைவரை ஒப்பந்தத்தில் எடுப்பதும் ஒரு வழி. வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வார். ஆனால் நல்ல வாடகை வேறு பக்கம் கிடைக்கும் சீசனில் நம் லோடு காத்துக் கிடக்கும்.

நேரமும் பொறுமையும் இருந்தால் என் மனம் போவது கிளீனரை வளர்ப்பதில்தான். தார்ப்பாய் கட்டுவது முதல் பில் வாங்குவது வரை அவனுக்கு அத்துப்படி, வாடிக்கையாளர்களின் முகமும் பழக்கம். ஆனால் எல்லா இடத்திலும் இது எளிதல்ல. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக கனரக லைசென்ஸ் எடுப்பவர் பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் பயின்றிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை டிரைவர்களுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி கட்டாயம். கற்றுக்கொண்டதும் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவானே என்று கேட்பார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். இருக்கிறவர்கள் பல வருடம் இருக்கிறார்கள்.

ஆள் எந்த வழியில் வந்தாலும், அவர் நிலைப்பதும் பத்திரமாக ஓட்டுவதும் நாம் கூலி கொடுக்கும் விதத்தைப் பொறுத்தது. டிரிப் கணக்கில் கொடுத்தால் தூக்கத்தை விற்றுத்தான் டிரிப்பைக் கூட்டுவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதி, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கிற வகையில் தூரத்துக்கோ வேகத்துக்கோ சரக்கின் அளவுக்கோ ஊக்கத்தொகை கொடுப்பதையே தடுக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு என்பதும் அதே விதிதான். முழு மாதச் சம்பளம் என்றால் அவசரம் குறையும், வண்டியும் கொஞ்சம் மெதுவாகவே கிளம்பும். நான் அடிப்படைச் சம்பளமும் அதன்மேல் மைலேஜுக்கு ஒரு தொகையும் கொடுக்கிறேன். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 3.5க்குப் பதில் 4 கிலோமீட்டர் கொடுத்தால் 350 லிட்டருக்கு மேல் மிச்சம். நிதானமாக ஓட்டினால்தான் அந்த மைலேஜ் வரும். மிச்சத்தில் ஒரு பங்கு அவருக்கு.

என்னிடமிருந்து போனவர்களிடம் காரணம் கேட்டபோது நான் எதிர்பார்த்தபடி சம்பளம் முதலில் வரவில்லை. குடோன் வாசலில் காத்துக் கிடப்பதைத்தான் பலர் சொன்னார்கள். வண்டி நகராத நேரத்துக்கு டிரிப் கணக்கில் ஒரு காசு கிடையாது. இப்போது இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு மணிக்கும் தனியாகக் கொடுக்கிறேன். சரக்கு அனுப்புபவரின் பில்லிலும் அதைக் காத்திருப்புக் கட்டணமாகச் சேர்க்கிறேன். ஒருவர் மறுத்தார், மற்றவர்கள் கொடுக்கிறார்கள்.