பலகையும் சுங்கமும்: மலையிலிருந்து பெங்களூருக்கு இரண்டு வழிகள்

நீலகிரியிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கூடலூர், தெப்பக்காடு, குண்டல்பேட்டை வழியாக மைசூர் சென்று, 2023 மார்ச் 12 அன்று திறந்துவைக்கப்பட்ட 118 கிலோமீட்டர் நீளமுள்ள மைசூர்–பெங்களூரு விரைவுச்சாலையில் ஏறுவது. மற்றொன்று, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, அன்னூர், அவிநாசி வழியாகக் கோவை–சேலம் நெடுஞ்சாலையைப் பிடித்து, சேலத்திலிருந்து தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போவது. உதகையிலிருந்து முதல் வழி 300 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இரண்டாவது 400 கிலோமீட்டரைத் தொடும். தூரத்தை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளாக, பெங்களூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க, உதகை அருகேயுள்ள கேத்தியிலிருந்து இரு வழிகளிலும் மாறி மாறிப் போய்வந்த அனுபவத்தில், இந்த இரண்டையும் பிரிப்பது தூரம் மட்டுமல்ல, வழிகாட்டிப் பலகைகளும் சுங்கம் வசூலிக்கப்படும் முறையும்தான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த இரண்டை மட்டும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் சாலை எண்கள். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் தரப்பட்டபோது ஓர் ஒழுங்கு கொண்டுவரப்பட்டது. வடக்கு தெற்காகச் செல்லும் முதன்மைச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண். மூன்று இலக்க எண் இருந்தால் அது கிளைச்சாலை, அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைக் குறிக்கும். சேலம் வழியில் இந்த ஒழுங்கு கண்ணாடிபோல் தெரிகிறது. அவிநாசியில் நாம் ஏறும் சாலை 544. அது 44இன் கிளை. சேலத்தில் அது 44இலேயே சேர்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் அந்த 44ஐ வடக்கு நோக்கிப் பிடித்துக்கொண்டால் பெங்களூரு தானாக வந்துவிடும். மைசூர் வழியில் அப்படியில்லை. கோவையிலிருந்து உதகை, கூடலூர் வழியாகச் செல்லும் 181ஆம் எண் சாலை குண்டல்பேட்டையில் முடிகிறது. அங்கிருந்து மைசூருக்கு 766. மைசூரிலிருந்து பெங்களூருக்கு 275. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு தாய்ச்சாலைகளின் கிளைகள். ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டதால் அடுத்ததை ஊகிக்க முடியாது. எங்கள் ஊரில் இன்றும் பலர் 181ஐ 'அறுபத்தேழு' என்றே சொல்கிறார்கள், ஏனென்றால் பழைய எண் அதுதான்.

ஆகவே மைசூர் வழியில் எண்ணைவிட ஊர்ப்பெயரையே நம்ப வேண்டியிருக்கிறது. ஊர்ப்பெயர்ப் பலகையிலோ மொழி குறுக்கே வருகிறது. மாநில எல்லையான கக்கநல்லா சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பலகைகளில் தமிழ் போய்விடுகிறது, கன்னடமும் ஆங்கிலமும்தான். அது அந்த மாநிலத்தின் உரிமை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஓட்டுநர்கள் கூடலூரிலும் பந்தலூரிலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த எல்லைக்கு அப்பால் பலகையில் எஞ்சுவது எண் ஒன்றுதான், அந்த எண்ணும் இரண்டு முறை மாறுகிறது. குண்டல்பேட்டையில் மைசூரிலிருந்து திரும்பி வருபவர், தாம் வந்துகொண்டிருக்கும் 766ஐ விட்டுவிட்டு 181க்குப் பிரிய வேண்டும். பிரியாமல் நேரே போனால் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போய்விடுவார். இருட்டுகிற நேரத்தில் அந்தப் பிரிவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு சாலைகளின் இயல்பும் வேறு. சேலம் வழி பெரும்பாலும் நான்குவழிச் சாலைதான் என்றாலும் மூடிய சாலை அல்ல. இருசக்கர வண்டிகளும் டிராக்டர்களும் அதிலேயே ஓடுகின்றன. வழியில் எத்தனையோ இடங்களில் இறங்கலாம், ஏறலாம், திரும்பலாம். ஒரு பிரிவைத் தவறவிட்டால் சில கிலோமீட்டரில் சரிசெய்துகொள்ளலாம். விரைவுச்சாலை அப்படி மன்னிக்காது. நடுவில் ஆறு தடங்கள், இருபுறமும் இரண்டிரண்டு தடங்களாகச் சேவைச்சாலை, இடையில் வேலி. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் என எல்லா ஊர்களுக்கும் புறவழி. 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டி, ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்கு நடுச்சாலையில் அனுமதியில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு கிலோமீட்டரை 36 நொடிகளில் கடந்துவிடும். வெளியேறும் வாயிலை அறிவிக்கும் பலகை 500 மீட்டருக்கு முன்னால் இருந்தால், தடம் மாறிப் பிரிவதற்கு ஓட்டுநருக்குக் கிடைப்பது 18 நொடிதான். ஒரு பலகையைச் சேலம் சாலையில் தவறவிடுவதால் ஏற்படும் இழப்பும் இங்கே தவறவிடுவதால் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல. எனவே இங்கே பலகைகள் அங்கே இருப்பதைவிடப் பல மடங்கு கவனமாக நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்தவரை அப்படி இல்லை. ஊர்ப்பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இந்த வாயிலுக்கு அடுத்த வாயில் எங்கே, இதைத் தவறவிட்டால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது இல்லை.

இந்த இடத்தில் எங்கள் மலைச்சாலைப் பலகைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பலகை நிற்கிறது. அதில் வளைவின் வரிசை எண்ணும் மொத்த எண்ணிக்கையான 14உம் இருக்கும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் மொத்தம் 36, சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் 27. பனி இறங்கி முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிற சாயங்காலங்களில், வண்டியின் வெளிச்சம் பட்டு அந்த எண் பளிச்சென்று தோன்றும்போது எத்தனை வளைவு முடிந்தது, இன்னும் எத்தனை இருக்கிறது என்பதை ஓட்டுநர் ஒரு பார்வையில் அறிந்துகொள்கிறார். அவர் தமிழராக இருந்தாலும் கன்னடராக இருந்தாலும் மலையாளியாக இருந்தாலும் அந்த எண் போதும். மலைச்சாலை பொறியாளர்கள் எவ்வளவோ காலமாகச் செய்துவரும் இந்த எளிய காரியத்தை, பல ஆயிரம் கோடி செலவிட்டுக் கட்டிய விரைவுச்சாலையில் வெளிவாயில்களுக்குச் செய்தால் என்ன? வாயிலுக்கு வரிசை எண்ணும், மொத்தம் எத்தனை என்பதும், அடுத்த வாயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும் எழுதிவிட்டால் மொழிச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

சுங்கத்துக்கு வருவோம். இரண்டு வழிகளிலும் நடைமுறையில் இருப்பது திறந்த முறைதான். அதாவது, சாலையின் ஒரு நீண்ட பகுதிக்கு ஒரு சாவடி. அந்தச் சாவடியைத் தாண்டுகிறவர் அந்தப் பகுதி முழுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்ற கணக்கு கிடையாது. விரைவுச்சாலை பெங்களூரு–நிடகட்டா 56 கிலோமீட்டர், நிடகட்டா–மைசூர் 61 கிலோமீட்டர் என இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மைசூரிலிருந்து போகும் நாம் கணங்கூரில் ஒன்றும் சேஷகிரிஹள்ளியில் ஒன்றும் கட்டுகிறோம். முழுத்தூரமும் போகிற நமக்கு இதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் மண்டியாவிலிருந்து மைசூர் வரும் ஒருவர் கணங்கூரைத் தாண்டுவதால் 61 கிலோமீட்டருக்கும் கட்டுகிறார். அதே மண்டியாவிலிருந்து மத்தூருக்குப் போகிறவர் ஒரு பைசாவும் கட்டுவதில்லை. மூடிய முறையில் இந்தக் கோணல் வராது. மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையில் ஏறும் இடத்தில் பதிவு, இறங்கும் இடத்தில் ஓடிய தூரத்துக்கு மட்டும் கட்டணம். அந்தச் சாலை 2022 டிசம்பரில் 520 கிலோமீட்டராகத் திறந்து, மூன்று முறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூனில் 701 கிலோமீட்டராக நிறைவடைந்தது. நீட்டித்த ஒவ்வொரு முறையும் கூடுதல் தூரத்துக்கான கணக்கு மட்டும் சேர்ந்துகொண்டது. வேலியிட்டு வாயில் வைத்துக் கட்டிய மைசூர் சாலைக்கு இந்த முறையே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. வாயில் குறைவாக உள்ள சாலையில் மூடிய முறையைக் கொண்டுவருவது எளிது. எங்கும் ஏறி எங்கும் இறங்கும் சேலம் சாலையில் அது நடக்காத காரியம்.

கட்டணத்தின் அளவிலும் வேறுபாடு இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் நான்குவழிச் சாலையில் காருக்கு 2007–08ஆம் ஆண்டு அடிப்படையில் கிலோமீட்டருக்கு 65 பைசா என்று வைத்து, அதை ஆண்டுதோறும் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் கூட்டிக்கொண்டே போகின்றன. குறிப்பிட்ட செலவுக்கு மேல் கட்டிய புறவழிக்கு ஒன்றரை மடங்கு. வழியெங்கும் புறவழிகள் உள்ள விரைவுச்சாலையில் கிலோமீட்டருக்கான கட்டணம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சேலம் வழியில் கிலோமீட்டர் கணக்குக் குறைவு, ஆனால் விஜயமங்கலம், வைகுந்தம், ஓமலூர், தொப்பூர், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று சாவடிகளின் எண்ணிக்கை அதிகம்.

2025 ஆகஸ்ட் 15இல் வந்த, சுங்கச்சாவடிகளுக்கான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிவிட்டது. அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். 200 முறை, அல்லது ஓர் ஆண்டு, எது முன்னதாக முடிகிறதோ அதுவரை செல்லும். ஒரு சாவடியைத் தாண்டுவது ஒரு முறை. அதாவது 61 கிலோமீட்டருக்கான சாவடியும் அதைவிடக் குறைந்த தூரத்துக்கான சாவடியும் அந்த விலையில் ஒரே 15 ரூபாய்தான். கிலோமீட்டருக்குக் கொடுத்த காலம் போய், சாவடி எண்ணிக்கைக்குக் கொடுக்கும் காலம் வந்திருக்கிறது. பாஸ் வைத்திருப்பவருக்கு மைசூர் வழியே மிக மலிவு. ஆனால் பாஸ் சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்தான். மலையில் எத்தனை குடும்பங்களிடம் சொந்தக் கார் இருக்கிறது? மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் மஞ்சள் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களே அதிகம். அவர்களுக்கு முழுச் சுங்கமும் வாடகையோடு சேர்கிறது, அதன்மேல் கர்நாடக நுழைவு வரியும் சேர்கிறது. மலைவாழ் மக்களின் வாடகை வண்டிகளுக்கும் ஒரு பாஸ் வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

சொந்த அனுபவம் ஒன்று. ஒரு சாவடியில் என் ஃபாஸ்டேக் படிக்கப்படவில்லை, ஒட்டுவில்லை பழையது. ஊழியர் இருமடங்கு ரொக்கம் கேட்டார், கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்து, அதே சாவடிக்கான கட்டணம் ஃபாஸ்டேக்கிலிருந்தும் கழிந்ததாகச் செய்தி வந்தது. 1033 என்ற உதவி எண்ணில் புகார் செய்து, ரசீதைப் படம் எடுத்து அனுப்பி, பணம் திரும்பி வருவதற்கு மூன்று வாரமாயிற்று. பணம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 15 முதல் இத்தகைய நேரத்தில் யுபிஐ மூலம் கட்டினால் இருமடங்குக்குப் பதிலாக ஒன்றேகால் மடங்கு போதும் என்று விதி மாறியிருக்கிறது. இது வெளியூர் போகும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, ஆனால் நான் கடந்த சாவடிகளில் தமிழில் இதை எழுதி வைத்த பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஒன்று: நேரம். மைசூர் வழியில் உள்ள பந்திப்பூர் காட்டுச்சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகிறது. யானைக்கும் புலிக்கும் அந்த ஒன்பது மணி நேரம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கூடலூரில் வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் பயணத்துக்கு முன் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், பெங்களூர்ல எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க? நாலு மணிக்கு மேலன்னா சொல்லுங்க, சேலம் வழியா வந்துடலாம்." அவர் மனக்கணக்கில் இருப்பதைச் சாலை சொல்வதில்லை. காட்டுச்சாலையின் வாயில் மூடும் நேரத்தை நாம் அந்த வாயிலில் போய்த்தான் படிக்கிறோம். அங்கே படித்து என்ன பயன்? திரும்பி மைசூருக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட வேண்டும், அல்லது காருக்குள்ளேயே விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸும் அப்படித்தான். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளிமாவட்ட வண்டிகள் அதை எடுக்க வேண்டும். 2025 கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் இறங்கக்கூடாது என்பதும் உதகையிலிருந்து தெப்பக்காட்டுப் பக்கம் புதிதாகப் போகிறவருக்குத் தெரிவதில்லை.

எனவே என் தேர்வு இதுதான். அதிகாலையில் புறப்பட்டுப் போவதற்கும், பெங்களூரிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள் கிளம்பித் திரும்புவதற்கும் மைசூர் விரைவுச்சாலை. அதற்குப் பிந்திய நேரத்துக்கும், தமிழ்ப் பலகையை மட்டுமே படிக்கக் கூடியவர் வண்டி ஓட்டுவதற்கும், முதன்முறையாகத் தனியாகப் போவதற்கும் சேலம் வழி, நூறு கிலோமீட்டர் கூடினாலும். விரைவுச்சாலையிலிருந்து மைசூர் வட்டச்சாலைக்குப் பிரியும் வாயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், 'உதகை–181' என்று எண்ணோடு ஒரு பலகையும், அதன் கீழே 'பந்திப்பூர் வாயில் இரவு 9–காலை 6 மூடப்படும்' என்று மூன்று மொழியில் ஒரு வரியும் நிறுத்தினால், எனது இந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுவேன்.