போக்ஸ் கம்பி: கம்பெனிக் கம்பியா, ஸ்டெயின்லெஸ்ஸா, அலாயா?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துணியில் ஏதோ குத்தியது. பின்சக்கரத்தில் ஒரு கம்பி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் மாட்டும் வளைவிலேயே முறிந்து தொங்கியது. ஒன்றுதானே என்று நினைத்து, ஸ்பேனரால் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும்; தளர்ந்தது 'டொக்' என்னும். எனக்குக் கேட்டது பெரும்பாலும் டொக்தான்.

உபியில் எப்போதும் போகும் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஒண்ணு ரெண்டுன்னா மாத்தி விட்டுடலாம் தம்பி. இது இனிமே வரிசையா போகும், மொத்தமா மாத்திடு" என்றார். ஒரு கம்பி போனால் அதன் பாரத்தைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கின்றன. அடுத்து முறிவது அவைதான். மாற்றுவது உறுதி. எதைப் போடுவது என்பதுதான் கேள்வி.

அலாயை, அதாவது கம்பியே இல்லாத வார்ப்புச் சக்கரத்தை, முதலில் முடித்துவிடுகிறேன். கம்பிகளை இறுக்கித் தளர்த்திச் சக்கரத்தை நேராக்கும், கோட்டம் எடுக்கும் வேலையே இல்லை. ட்யூப்லெஸ் டயர் என்பதால் ஆணி ஏறினாலும் ஓரமாக நிறுத்தி அடைத்துவிட்டுக் கிளம்பலாம். ட்யூப் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. பிஐஇ விரைவுச்சாலையில் பஞ்சரானால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) மீட்பு வண்டி பக்கத்துக் கார்பார்க்வரை இலவசமாக இழுத்துவிடும். அதற்கப்புறம் நம் பாடு. வேலைக்காகத் தினமும் ஜொகூர் காஸ்வே தாண்டுகிறவர் என்றால் அலாயே போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு சக்கரத்தையும் முழுசாக வாங்க வேண்டும், மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். அப்புறம், என்னுடைய பழைய பாணி வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் ரிம் போட்டால் பட்டு வேட்டிக்கு ஓட்டப்பந்தய ஷூ போட்ட மாதிரி இருக்கும்.

மிச்சம் இரண்டு: துத்தநாகப் பூச்சுள்ள கம்பெனிக் கம்பி, ஸ்டெயின்லெஸ் கம்பி. பலத்தைப் பொறுத்தவரை என் மாதிரி ஓட்டத்துக்கு இரண்டுமே போதும். விலையில் ஸ்டெயின்லெஸ் கூடுதல்தான். ஆனால் பில்லில் பெரிய தொகை கம்பிக்கு இல்லை, கூலிக்கு. டயரைக் கழற்றி, பழையதை வெட்டி எடுத்து, புதிதாகக் கோத்து, ஸ்டாண்டில் வைத்துக் கோட்டம் எடுக்கும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றே. கூலியோடு சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது நிப்பிள், அதாவது கம்பியை ரிம்மோடு பிடித்து இறுக்கும் சின்ன நட்டு. கம்பியில் மேலோட்டமாகத் துரு ஏறினால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். அதே துரு நிப்பிளின் மரைக்குள் இறங்கினால் சக்கரத்துக்கே ஆயுள் குறைகிறது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பூச்சு தீர்ந்ததும் செந்துரு. கூரையில்லாத லாட்டில் நிற்கும் வண்டி மாலை மழையில் நனைந்து, காய்வதற்குள் அடுத்த மழையை வாங்கிவிடுகிறது. கொஞ்ச நாளில் நிப்பிள் கம்பியோடு ஒட்டிப்போகும். பிறகு தளர்ந்ததை இறுக்கப் போனால் ஒன்று நிப்பிளின் முனை மழுங்கும், இல்லை கம்பியே முறுக்கிக்கொள்ளும். இறுக்க முடியாத கம்பி ஓட ஓட ஆடி, ஹப்பில் மாட்டும் வளைவில் களைத்து முறிகிறது. எனக்கு நடந்தது இதுதான். கோட்டம் எடுக்க முடியாத சக்கரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் போடச் சொன்னேன். நிப்பிளும் ஸ்டெயின்லெஸ் என்றால் இறுக்கும்போது மரை ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். மரை இறுகிப் பிடிக்காமலிருக்க ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவுவதைப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். ரிம்முக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளை அண்ணன் அரத்தால் ராவிவிட்டு, புது ரிம் டேப் சுற்றினார். அதை விட்டுவிட்டால் நுனியே ட்யூபைக் குத்தும்.

எந்தக் கம்பி போட்டாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதுக் கம்பி உட்கார்ந்து பழகும்போது கொஞ்சம் தளரும். 500 கிலோமீட்டர் வாக்கில் திரும்பவும் தட்டிப் பார்த்து, தளர்ந்ததைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரே இடத்தில் வரிசையாக இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் இழுக்கும். பக்கவாட்டு ஆட்டம் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் கடைக்குப் போய்விடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் கறைபடவே படாது என்றும் நினைக்க வேண்டாம். கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்குப் பழுப்புத் திட்டு வரும், துடைத்தால் போகும். என் கம்பிகளுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை, அதனால் 10 வருடக் கதை சொல்ல எனக்குத் தகுதியில்லை. சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய ஒரு வருடம்தான் இருக்கிறது, நீட்டிக்கும் எண்ணமும் இல்லை என்றால் கம்பெனிக் கம்பியே போதும். பழைய வண்டியை அசல் மாறாமல் வைத்திருப்பவர்களுக்கும் அதுதான். அந்த மங்கிய வெள்ளி நிறம் ஸ்டெயின்லெஸ்ஸில் வராது.

போன வாரம் ஜொகூரிலிருந்து மழையோடு மழையாக வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் தட்டிப் பார்த்ததில் பின்சக்கரத்தில் ஒன்று மட்டும் டொக் என்றது. ஸ்போக் சாவியை மாட்டிக் கால் சுற்று கொடுத்தேன். வெண்ணெயாகத் திரும்பியது.