பிறைக் கணக்கு: எந்தக் கோடு சிங்கப்பூருக்குப் பொருந்தும்?

2025இல் இந்தோனீசிய அரசு ரமலானின் முதல் நோன்பு மார்ச் 1 என்று அறிவித்தது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் மார்ச் 2. எதிரே இருக்கும் இந்தோனீசியத் தீவான பாத்தாமில் நோன்பு, கடலுக்கு இந்தப் பக்கம் சிங்கப்பூரில் காலைப் பசியாறல். இத்தனைக்கும் புதுமாதத்தை முடிவுசெய்ய மூன்று நாடுகளும் ஒரே அளவுகோலைத்தான் பின்பற்றுகின்றன. கணக்குப் போட்டால் ஒரே விடைதானே வர வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நிலா எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதைக் கணக்கு துல்லியமாகச் சொல்லிவிடும். அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் எந்த நிலையில் அதைப் புதுமாதப் பிறை என்று ஏற்பது? அதற்கு மனிதர்கள்தான் ஒரு கோடு போட வேண்டும். சண்டையெல்லாம் அந்தக் கோட்டில்தான்.

இருப்பதிலேயே சுலபமான கோடு சங்கமம், அதாவது அமாவாசைக் கணம். அது நிகழ்ந்த மறுநாள் முதல் பிறை. மினிக்காய் தீவில் பிறந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அலி மணிக்ஃபான் வழியாகத் தமிழ் முஸ்லிம்களுக்கு இது நன்றாகவே பழக்கம். உலகத்துக்கே ஒரு தேதி, பல வருடங்களுக்கு முன்பே அச்சடித்துவிடலாம். எனக்கு ஒட்டாதது ஒன்றுதான்: பிறை கண்டு நோன்பு பிடியுங்கள், பிறை கண்டு விடுங்கள் என்ற நபிமொழிக்கும் இதற்கும் இடையே கயிறு அறுந்துவிடுகிறது. சங்கமக் கணத்தில் எந்தக் கண்ணுக்கும் பிறை இல்லை.

அடுத்தது, சூரியன் மறைந்த பிறகு நிலா மறைந்தால் போதும் என்பது. ஒரு நிமிடம் தாமதமாக மறைந்தாலும் மாதம் பிறந்துவிட்டது. இந்தோனீசியாவின் முஹம்மதியா இயக்கம் நெடுங்காலம் இப்படித்தான் கணக்கிட்டது. சவூதியின் உம்முல் குரா காலண்டரும் மக்காவை வைத்து ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது, ரமலான், ஷவ்வால், துல்ஹஜ் மாதங்களுக்கு மட்டும் அங்கே பார்த்தவர்களின் சாட்சியைக் கேட்கிறார்கள். பாதிக் கிணறு தாண்டிய கதை.

சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் பின்பற்றுவது மபிம்ஸ் அளவுகோல். புருணை, இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாட்டுச் சமய அமைச்சர்கள் கூடி ஒப்புக்கொண்டது. சூரியன் மறையும்போது நிலா அடிவானத்துக்கு மேல் 3 பாகையாவது இருக்க வேண்டும், சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 6.4 பாகையாவது கோண இடைவெளி வேண்டும். 6.4 சும்மா வந்த எண் அல்ல. இடைவெளி சுமார் 7 பாகைக்குக் கீழே போனால் பிறையே தெரியாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டாஞ்சோன் 1930களில் சொன்னார். பிற்காலப் பிறைப் பதிவுகளை வைத்து அந்த எல்லை கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான்.

பழைய மபிம்ஸ் விதி தாராளமானது. உயரம் 2, இடைவெளி 3 பாகை. அல்லது பிறையின் வயது, சங்கமத்திலிருந்து எண்ணினால், 8 மணி நேரம். 2022இல் புதிய விதிக்கு மாறியபோது என்ன ஆனது பாருங்கள். அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் பொது விடுமுறை ஜூலை 9, சனிக்கிழமை என்று முதலில் அறிவித்திருந்தார்கள். ஜூன் 29 மாலை பிறையின் வயது 8 மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. பழைய விதிக்குப் போதும், புதிய விதிக்குப் போதாது. பெருநாள் ஜூலை 10, ஞாயிறுக்குத் தள்ளிப்போனது, திங்களும் விடுமுறையானது. நிலா அதே பாதையில்தான் போனது. மாறியது கோடு. (கூடுதல் விடுமுறைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை என்று நினைக்கிறேன்.)

சரி, 2025க்கு வருவோம். பிப்ரவரி 28 மாலை இந்தோனீசியாவின் மேற்கு முனையான அச்சேயில் மட்டும் இடைவெளி 6.4ஐ எட்டியது. அங்கே சூரியன் தாமதமாக மறைவதால் நிலாவுக்கு விலகிச் செல்லக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அச்சேயில் தேறியதை இந்தோனீசியா பாப்புவா வரை முழு நாட்டுக்கும் எடுத்துக்கொண்டது. நம் தீவில் அன்று 6.4 வரவில்லை. ஒரே விதிதான், நிலத்தின் நீளம்தான் வேறு.

உலகம் முழுக்க ஒரே காலண்டர் என்ற யோசனைக்கும் ஆதரவு கூடுகிறது. உலகில் எங்காவது 5 பாகை உயரமும் 8 பாகை இடைவெளியும் வந்தால் எல்லோருக்கும் மாதப்பிறப்பு என்ற கணக்கு துருக்கியிலிருந்து வந்தது. முஹம்மதியாவும் 2025இல் உலகக் காலண்டருக்கு மாறி, 2026 ரமலானை பிப்ரவரி 18 என்று குறித்தது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிப்ரவரி 17 மாலை சிங்கப்பூரில் சூரியன் 7.20 அளவில் மறைந்தது. சங்கமமே இரவு 8 மணிக்குத்தான். மஃரிபு என்ற அந்தித் தொழுகையை முடித்த நேரத்தில் பிறை பிறக்கவே இல்லை, அலாஸ்காப் பக்கம் பின்னால் வரப்போகும் பிறையை நம்பி ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கு நிற்க வேண்டும். ஒற்றுமைக்காக இவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் தொடங்கியது பிப்ரவரி 19.

வெறும் கண்ணை மட்டும் நம்பலாமா? பூமத்திய ரேகைக்குப் பக்கத்து மேகம், மேற்கே கட்டடங்கள். மேகம் மறைத்தால் 30 நாளாக்குங்கள் என்ற நபிமொழி இருப்பது உண்மை. ஆனால் நிலாமாதத்தின் சராசரி 29.53 நாள். இங்கே கண்ணால் மட்டும் பார்த்தால் 30கள் வரிசை கட்டி நின்றுவிடும். பிறை தெரியவே வாய்ப்பில்லை என்று கணக்கு சொன்னால் பார்த்தேன் என்ற சாட்சியையும் தள்ளலாம் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே இஸ்லாமியச் சட்ட அறிஞர் தகியுத்தீன் சுப்கி எழுதினார்.

அதனால் என் ஓட்டு மபிம்ஸுக்கு, ஒரு திருத்தத்தோடு. நான்கு நாடுகளும் ஒரே விதி வைத்துக்கொண்டு எல்லையை மட்டும் ஏன் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்? அச்சேயில் தேறினால் நால்வருக்கும் தேறியது என்று வைக்கலாமே. 2022 நோன்புப் பெருநாளை இந்தோனீசியாவும் மலேசியாவும் மே 2இல் கொண்டாட, நாம் மே 3 வரை காத்திருந்தோம். அந்த ஏற்பாடு இருந்திருந்தால் நமக்கும் மே 2தான்.