சர்வர் மாறியது, லைசென்ஸ் மாறவில்லை: விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டோடு சில வருடங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஐடி வேலை பார்க்கும் நண்பர் கேட்டார்: "பழைய சர்வரைத் தூக்கிட்டுப் புதுசு வைக்கிறோம். விண்டோஸ் லைசென்ஸ் அப்படியே வந்துடும்ல?" வாட்ஸப்பில் பாதி பதில் அடித்துவிட்டு நிறுத்தினேன். "வரும்" என்றாலும் தப்பு, "வராது" என்றாலும் தப்பு. எங்கள் மில்லில் விண்டோஸ் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட் பல வருடமாக ஓடுகிறது, நடுவில் இயந்திரங்களையும் மாற்றியாயிற்று. பட்டதை எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லது. தொழில்நுட்பமாக இடம் மாற்றுவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஹைப்பர்-வி என்பது ஒரே இயந்திரத்துக்குள் (ஹோஸ்ட்) பல விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) ஓட்டும் விண்டோஸ் வசதி. அதில் பழைய ஹோஸ்டிலிருந்து புது ஹோஸ்டுக்கு, விஎம்மை நிறுத்தாமலே நகர்த்தும் லைவ் மைக்ரேஷன் போட்டேன். இரண்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜ் எதுவும் கிடையாது. பழையதும் புதியதும் இன்டெல், வேறு தலைமுறை ப்ராசஸருக்கு நகர்த்த உதவும் ப்ராசஸர் கம்பாட்டிபிலிட்டி டிக் முன்பே போட்டிருந்தேன், அவ்வளவுதான். ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், பில் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) ஓடும் விஎம் நகர்ந்துகொண்டிருந்தபோது அக்கவுண்ட்ஸில் பில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் போன் பண்ணவில்லை. நம் வேலையில் இதற்கு மேல் பாராட்டு ஏது?

எரிச்சல் அதற்கப்புறம்தான். எங்களிடம் இரண்டு சர்வர்கள். ஒன்றுக்கு வால்யூம் லைசென்ஸ், அதாவது நிறுவனங்களுக்கு ஒப்பந்த முறையில் தனியாக விற்பது. இன்னொன்றுக்கு டீலர் கொட்டேஷனில் வெறுமனே "விண்டோஸ் சர்வர் லைசென்ஸ்" என்று போட்டிருந்தார், விலையும் கொஞ்சம் குறைவு. "பின்னாடி வேற மெஷினுக்கு மாத்திக்கலாமா?" என்று அப்போதே கேட்டதற்கு "அதெல்லாம் மாத்திக்கலாம் சார்" என்றார். மாற்றும் நாள் வந்தபோது பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மேல்தகட்டில் ஓரம் உரிந்த ஒரு ஸ்டிக்கர், சுரண்டிய இடத்துக்குள் கீ. ஓஇஎம் ரகம், அதாவது இயந்திரத்தோடு சேர்த்து விற்கும் லைசென்ஸ். சர்வர் தயாரிப்பாளர் வழியாக ஆர்ஓகே என்று விற்பதும் இதே வகைதான். அது பெட்டியோடு பிறந்து பெட்டியோடு போய்ச் சேரும். வேறு இயந்திரத்துக்கு மாற்றும் உரிமை கிடையாது. டீலரைக் கேட்டால், "அது அப்போ இருந்த ஆளு சொன்னது சார்."

உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையா? கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, ஸ்லாஷ், டிஎல்வி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். திரையில் வரும் பெட்டியில் டிஸ்கிரிப்ஷன் வரியில் ஓஇஎம் என்றோ வால்யூம் என்றோ இருக்கும். கொட்டேஷன் கேட்கும் முன் இதைப் பாருங்கள்.

சரி, வால்யூம் லைசென்ஸ் இருக்கிறது, நகர்த்தலாம். அங்கேயும் கணக்கு இருக்கிறது. 2012 ஆர்2 வரை இரண்டு ப்ராசஸருக்கு ஒரு லைசென்ஸ், உள்ளே எத்தனை கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) என்று யாரும் கேட்கவில்லை. 2016 பதிப்பிலிருந்து கோர் கணக்கு. ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை எண்ண வேண்டாம், அந்த மட்டும் நிம்மதி. எங்கள் பழைய சர்வரில் இரண்டு எட்டு கோர் ப்ராசஸர், 16 லைசென்ஸ், அளவெடுத்த மாதிரி. புதுசுக்கு டீலர் தந்த கொட்டேஷனில் இரண்டு பதினாறு கோர், ஆக 32. ஸ்டாண்டர்டில் எல்லா கோருக்கும் லைசென்ஸ் போட்டால்தான் இரண்டு விஎம். அதாவது அதே இரண்டு விஎம்மை ஓட்ட இன்னொரு 16 வாங்க வேண்டும். நான்கு விஎம் வேண்டுமென்றால் எல்லா கோருக்கும் மறுபடி ஒரு சுற்று, மொத்தம் 64. ஹார்டுவேர் விலையில் டிஸ்கவுண்ட் என்று சிரித்துக்கொண்டே நீட்டிய தாளில் இது எங்கேயும் இல்லை.

ஒரே பதினாறு கோர் ப்ராசஸர், ஆனால் கிளாக் வேகம் அதிகம் என்று மாற்றிக் கேட்டேன். லைசென்ஸ் பழையதே போதுமானது. ஈஆர்பி ரிப்போர்ட் முன்பைவிட வேகமாக வருகிறது. டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்டை நாங்கள் சர்வர் கூட்டல் கேல் முறையில் (சர்வருக்கு ஒரு லைசென்ஸ், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ ஒரு கேல்) வாங்கியிருந்ததால், அதுவும் கோர் பற்றிக் கவலைப்படாமல் கூடவே வந்துவிட்டது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்றுதான். இந்தக் கணக்கு எதுவும் சர்வருக்குள் எங்கேயும் தெரியாது. பதினாறு கோருக்கு வாங்கியதை முப்பத்திரண்டு கோர் இயந்திரத்தில் போட்டாலும் ஆக்டிவேஷன் மூச்சுவிடாமல் நடக்கும். சிவப்பு எச்சரிக்கை இல்லை, ஈவன்ட் லாகில் வரி இல்லை. ஒரு சர்வீஸ் நின்றால் பத்து மெயில் அனுப்பும் சிஸ்டம் இதில் மட்டும் ஊமை. விதி முழுவதும் பிடிஎஃபில் இருக்கிறது. லைசென்ஸைச் சரிபார்க்க ஆடிட் கடிதம் வரும் நாளில்தான் பேசும்.

இன்னொரு விதி: ஒரு லைசென்ஸை வேறு சர்வருக்கு மாற்றினால் அடுத்து மாற்ற 90 நாள் ஆக வேண்டும், ஹார்டுவேர் ஒரேயடியாகச் செத்தால் தவிர. அதனால் "பழைய சர்வரை ஸ்டாண்ட்பையா வெச்சுக்கலாம், இங்கயும் அங்கயும் மாத்தி மாத்தி ஓட்டலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஎம்மின் நகலை இன்னொரு சர்வரில் வைத்திருக்கும் ஹைப்பர்-வி ரெப்ளிகாவுக்கும் மறுபக்கம் லைசென்ஸ் வேண்டும், அல்லது சாஃப்ட்வேர் அஷூரன்ஸ் (லைசென்ஸோடு தனியாகக் காசு கட்டி வாங்கும் கூடுதல் உரிமைகள்) வேண்டும். 180 நாள் இவால்யுவேஷன் (சோதனை) பதிப்பில் ஏற்றிவிட்டு அப்புறம் கீ போடலாம் என்பதும் பரீட்சித்துப் பார்ப்பதற்குத்தான், ஓடும் வேலைக்கு அல்ல. அதிலும் டொமைன் கன்ட்ரோலராக்கிவிட்டால் (ஆபீஸ் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) அதை அப்படியே முழுப் பதிப்பாக மாற்ற முடியாது.

புது இயந்திரம் என்றதும் 2022 மாதிரி புதிய பதிப்புக்குத் தாவும் ஆசை வரும். விண்டோஸ் சர்வருக்கும் கேல் உண்டு, அந்தக் கணக்கை முதலில் பாருங்கள்: 2019 கேல் 2022 சர்வருக்குச் செல்லாது. 2022 லைசென்ஸ் வாங்கி 2019-ஐயே ஓட்ட உரிமை உண்டு, அப்போது பழைய கேல் போதும். ஹைப்பர்-விக்குப் பதிலாக ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் போனால் தப்பிக்கலாம் என்பவர்களுக்கு: விஎம் ஓட்டும் மென்பொருள் (ஹைப்பர்வைசர்) எதுவானாலும் உள்ளே விண்டோஸ் ஓடினால், சாஃப்ட்வேர் அஷூரன்ஸோ சந்தாவோ இல்லாதவர்கள் அந்த ஹோஸ்டின் கோர்களைத்தான் எண்ண வேண்டும்.

நண்பருக்குக் கடைசியில் என்ன சொன்னேன்? ஃபைல் சர்வரை லினக்ஸுக்கு மாற்று, ஈஆர்பி விற்றவன் கட்டாயப்படுத்தினால் மட்டும் விண்டோஸ் என்றேன். "அப்ப நீங்க?" என்றார். அடுத்த வருடத்துக்கு ஸ்டாண்டர்ட்தான், 16 கோர், வால்யூம், கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை லைசென்ஸ் ரகம், கோர் எண்ணிக்கை, மாற்றும் உரிமை மூன்றையும் டீலர் கையெழுத்தோடு தாளில் வாங்கிய பிறகுதான் பர்ச்சேஸ் ஆர்டர்.