ஐ-20 படிவத்தில் இருந்த ஓர் எழுத்து: பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்புவோர் கவனத்துக்கு

மும்பை செம்பூரில் வசிக்கும் எங்கள் குடும்பம், தம்பியின் அமெரிக்கப் படிப்புக்கு ஏறத்தாழ 38 லட்சம் ரூபாய் செலவழித்தது. அவன் எந்தப் பட்டத்துக்காகப் புறப்பட்டானோ அந்தப் பட்டத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பி வந்துவிட்டான். சேர்ந்த பள்ளி போலியில்லை, விசாவும் போலியில்லை. ஆனால் அவனுக்கு எடுத்துக் கொடுக்கப்பட்டது தொழிற்பயிற்சிக்கான எம்-1 விசா. அவனுக்குத் தேவைப்பட்டதோ பட்டப்படிப்புக்கான எஃப்-1 விசா. இரண்டுமே மாணவர் விசாதான் என்பதால் வந்த வினை இது.

தம்பி மும்பையிலேயே ஹோட்டல் மேனேஜ்மெண்ட் டிப்ளமோ முடித்தவன். பேக்கரிக் கலையில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு, அதைத் தொடர்ந்து பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் என்பது அவன் திட்டம். 2023 ஆகஸ்டில் அந்தேரியில் இருக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனோம். அங்கே எங்களைக் கவனித்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற எங்கள் அப்பாவை அவர் "அண்ணாச்சி" என்று கூப்பிட்ட அந்த நிமிடமே, எங்கள் எச்சரிக்கை உணர்வில் பாதி போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஊர்க்காரரிடம் ரசீது கேட்பது அவமரியாதை என்று அப்பா நினைத்தார். வங்கியில் வேலை பார்க்கும் நானும் வாயைத் திறக்கவில்லை.

அவர் சொன்ன கணக்கு இதுதான்: முதல் ஆண்டு பேக்கரிப் படிப்பு, படிக்கும்போதே வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை, முடித்ததும் அங்கிருந்தபடியே பல்கலைக்கழகத்துக்கு மாற்றம், பட்டம் வாங்கிய பிறகு ஓ.பி.டி. எனப்படும் ஓராண்டுப் பயிற்சி வேலை அனுமதி. இவை எஃப்-1 மாணவருக்குக் கிடைக்கக்கூடிய சலுகைகள் என்பதால், இணையத்தில் தேடிப் பார்த்தபோது அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. தம்பிக்கு வாங்கித் தந்த இடம் எஃப்-1 மாணவரைச் சேர்க்கும் இடம்தானா என்பதை மட்டும் நாங்கள் தேடவில்லை.

அந்தப் பள்ளி தொழிற்பயிற்சிப் பள்ளி. பட்டப்படிப்பு, மொழிப் பயிற்சி போன்ற கல்விசார் படிப்புகளுக்கு எஃப்-1 என்றும், இத்தகைய தொழிற்பயிற்சிக்கு எம்-1 என்றும் அமெரிக்கச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. மாணவரைச் சேர்த்துக்கொண்டதற்குச் சான்றாகப் பள்ளி அனுப்பும் ஐ-20 படிவத்திலேயே அந்த வகை அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் படிவத்திலும் எம்-1 என்று தெளிவாகவே இருந்தது. அது என்ன எழுத்து என்று தம்பி ஒருமுறை கேட்டபோது கிடைத்த பதில்: "அது அவங்க ஆபீஸ் கணக்குக்கு வச்சிருக்கிற எழுத்து தம்பி. ஸ்டூடண்ட் விசான்னா எல்லாம் ஒண்ணுதான்." வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசு அமைப்பான செவிஸுக்கு 350 டாலர் கட்டணம், 185 டாலர் விசாக் கட்டணம் எல்லாம் கட்டி, பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலும் முடிந்து விசா வந்தபோது, வீட்டில் பாயசம் வைத்தோம். கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவிலும் அதே எம் எழுத்து இருந்தது. பாயசம் சாப்பிட்ட யாரும் அதைப் படிக்கவில்லை.

2024 ஜனவரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகளைக் கவனிக்கும் அதிகாரியிடம், அதாவது டி.எஸ்.ஓ.விடம், வளாக வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தம்பி கேட்டிருக்கிறான். எம்-1 மாணவர் படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள்ளேகூட வேலை செய்ய முடியாது என்றும், படிப்பு முடிந்த பிறகு நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம் மட்டுமே பயிற்சி வேலை கிடைக்கும் என்றும் அவர் சொன்னார். தம்பியின் படிப்பு பத்து மாதம். ஆக, இரண்டே மாதம். எல்லாவற்றையும் விடப் பெரிய இடி, எம்-1 நிலையிலிருந்து எஃப்-1 நிலைக்கு அமெரிக்காவுக்குள் இருந்தபடி மாறச் சட்டத்தில் இடமே இல்லை என்பது. பட்டம் படிக்க வேண்டுமானால் நாடு திரும்பி, புதிய ஐ-20 வாங்கி, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

இதுவரை நடந்ததை அறியாமை என்றுகூட ஒருவர் வாதிடலாம். அடுத்து நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. நாங்கள் பதறிப்போய் அழைத்தபோது, ஐ-539 என்ற படிவத்தை நிரப்பினால் நிலையை மாற்றிவிடலாம், தனக்குத் தெரிந்த வழக்கறிஞர் இருக்கிறார், 60,000 ரூபாய் ஆகும் என்றார் அந்த ஆலோசகர். நிலை மாற்றம் கோருவதற்கு அப்படி ஒரு படிவம் இருப்பது உண்மைதான். எம்-1 மாணவர் எஃப்-1 கேட்டு அதை அனுப்பினால் நிராகரிக்கப்படும் என்பதும் உண்மை. அந்த முதல் பாதியை மட்டும் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார். டி.எஸ்.ஓ. தடுத்ததால் தம்பி படிவத்தை அனுப்பவில்லை, பணமும் திரும்பி வரவில்லை.

பத்து மாதமும் கையிருப்பைக் கரைத்துப் படித்துவிட்டு, 2024 நவம்பரில் தம்பி திரும்பினான். அவன் செய்யும் பட்டர் குரோசான் பிரமாதமாக இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்து, இந்த முறை எஃப்-1 என்று அச்சிட்ட ஐ-20 வாங்கி, கட்டணங்களை மறுபடி கட்டி, 2025 ஏப்ரலில் நேர்காணலுக்குப் போனான். தொழிற்பயிற்சி முடித்தவர் ஏன் வேலைக்குப் போகாமல் மறுபடி வருகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. தடுமாறிப் பதில் சொன்னான். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்புவார் என்று அதிகாரியை நம்பவைக்க முடியாதவர்களுக்குத் தரும் 214(பி) நிராகரிப்புத் தாள் கைக்கு வந்தது. விசாக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. செவிஸ் கட்டணத்தை மட்டும், அதே வகை விசாவுக்கு 12 மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சரிபார்க்க எந்த ஏஜெண்டும் தேவையில்லை என்பதுதான் எங்களை இப்போது அதிகம் உறுத்துகிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'ஸ்டடி இன் த ஸ்டேட்ஸ்' இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால், அது எஃப் மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்றதா, எம் மாணவரையா, இரண்டு வகையினரையுமா என்று தெரிந்துவிடும். மும்பையிலேயே அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையின் அலுவலகத்தில், அமெரிக்க அரசின் கல்வி ஆலோசனை அமைப்பான எஜுகேஷன்யூஎஸ்ஏவின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எந்தக் கல்லூரியிடமும் தரகு வாங்காதவர்கள். நம் ஏஜெண்டுகளில் பலருக்கு, பிள்ளை சேரும் பள்ளியே தரகு தருகிறது. அப்படிப்பட்டவர் உங்கள் பிள்ளைக்கு ஏற்ற விசாவிலிருந்து தொடங்கிப் பள்ளியைத் தேடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. தரகு தரும் பள்ளியிலிருந்து தொடங்கி, அதற்கு எந்த விசா கிடைக்குமோ அதைத்தான் எடுத்துத் தருவார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்து வருகிறோம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதால், தள்ளிப்போடுவதில் பொருளில்லை. கட்டணத்தில் பெரும்பகுதியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டதால், எங்களிடம் இருக்கும் வலுவான சான்று "எல்லாம் ஒண்ணுதான்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு ஒன்றே. தம்பி அதை அழிக்காமல் வைத்திருந்தது தற்செயல்.

எம்-1 ஐ-20 கையில் இருந்து, செவிஸ் கட்டணம் இன்னும் கட்டாதவர்கள் முதலில் அந்தப் பள்ளிக்கே மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் படிப்புக்குப் பிறகு பட்டப்படிப்பில் சேர முடியுமா, வேலை அனுமதி எத்தனை மாதம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். எங்களுக்கு டி.எஸ்.ஓ. சொன்ன அத்தனையும், முன்கூட்டியே கேட்டிருந்தால் மின்னஞ்சலிலேயே சொல்லியிருப்பார்.